ஆப்புக்கல்: கீஸ்டோன் சிரிப்புப் பட்டறையின் கதை

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் எக்கோ பார்க் வட்டாரத்தில், கிளெண்டேல் புலவார்டு சாலையில் 1712-ஆம் எண்ணில் இருக்கும் கட்டடம் இன்று ஒரு வாடகைக் கிடங்கு. வீடு மாற்றுகிறவர்களும், பிள்ளை வளர்ந்த பிறகும் தொட்டிலைத் தூக்கிப் போட மனம் வராதவர்களும் பழைய சாமான்களை அங்கே அடைத்துப் பூட்டி, மாதாமாதம் வாடகை கட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரும் பெரிய கதவும்தான். நூறு ஆண்டுக்கு முன்பு இது ஒரு படப்பிடிப்புத் தளம். அப்போது இந்தச் சாலைக்கு அலசாண்ட்ரோ தெரு என்று பெயர். வட்டாரத்துக்கு ஈடன்டேல் என்று பெயர். கீஸ்டோன் பிலிம் கம்பெனி இங்கேதான் இருந்தது.

நம் விழாவின் ஊமைப்பட மாலையில் திரையேறும் குறும்படங்களில் பெரும்பாலானவை இந்த விலாசத்திலிருந்து வந்தவை. அந்தப் படங்களில் வருகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த, கொடுக்க மறுத்த, கைவிட்டுப்போன நிறுவனத்தைப் பற்றித்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இந்தக் கட்டுரை.

அடிமட்டை

விழுவது, மோதுவது, உதைப்பது, துரத்துவது என்று உடம்பை வைத்தே செய்யும் சிரிப்புக்கு ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர். அது ஒரு கருவியின் பெயர். பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை ஒரே பிடியில் சேர்த்துக் கட்டிக் கையில் வைத்திருப்பார்கள். அதைக்கொண்டு ஒருவன் முதுகில் போட்டால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதி ‘பளார்’ என்று சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்கும்; அடிவாங்கியவனுக்கு எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது.

சத்தத்துக்காகவே செய்த அந்தக் கருவியின் பெயரை, சத்தமே இல்லாத படங்கள் எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. ஊமைப்படத்தில் ‘பளார்’ கேட்காது. ஆகவே காதுக்குப் போக வேண்டியதையும் கண்ணுக்கே காட்டியாக வேண்டும். அறை வாங்கியவன் மூன்று சுற்றுச் சுற்றி, நாற்காலியோடு சாய்ந்து, சன்னல் வழியாக வெளியே போய் விழுந்தால்தான் அந்த அறைக்கு உரிய சத்தம் கிடைக்கும். கீஸ்டோன் ஆட்களுடைய மிகையில் பாதி இந்தக் கணக்கில் வந்தது.

சிரிப்புப் படத்தின் வயதும் சினிமாவின் வயதும் ஒன்றுதான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக் காட்டிய படங்களிலேயே ஒன்று சிரிப்புப் படம். தோட்டக்காரன் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதே என்று தோட்டக்காரன் குழாயின் வாயை எட்டிப் பார்க்கிறான். பையன் காலை எடுக்கிறான். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. அதன்பின் பிரான்சின் பாத்தே கம்பெனி துரத்தல் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளியது. ஆந்த்ரே தீத் முரட்டுக் கோமாளியாகவும், மாக்ஸ் லிண்டர் பட்டுத்தொப்பிக் கனவானாகவும் உலகம் சுற்றினார்கள். அமெரிக்கர்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். தன் முதல் யோசனைகளைப் பாத்தே படங்களிலிருந்து திருடியதாகக் கீஸ்டோன் முதலாளியே பிற்காலத்தில் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

பாட வந்தவர்

அந்த முதலாளி மாக் செனட். இயற்பெயர் மைக்கேல் சினாட். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1880 ஜனவரி 17 அன்று ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து இரும்பாலை வேலைக்குப் போனார். கனமான குரல் இருந்தது. ஆபராவில் பாட வேண்டும் என்பது ஆசை. நியூயார்க் போனார். ஆபரா கிடைக்கவில்லை. மலிவான சிரிப்பு நாடகக் கொட்டகைகளிலும் பிராட்வே மேடையின் பின்பாட்டு வரிசையிலும் நின்றுவிட்டு, 1908-ல் பயோகிராப் கம்பெனியின் படியேறினார்.

மன்ஹாட்டன் 14-ஆம் தெருவில் இருந்த பயோகிராப்பில் அப்போதுதான் டி.டபிள்யூ.கிரிஃபித் படங்களை இயக்கத் தொடங்கியிருந்தார். படப்பிடிப்பு முடிந்து கிரிஃபித் வீட்டுக்கு நடந்து போகும்போது செனட்டும் கூடவே நடப்பார். நடந்துகொண்டே கேள்வி கேட்டுக் கேட்டுத் தொழில் கற்றுக்கொண்டார். ஒரு காட்சியை வெட்டி இன்னொன்றோடு ஒட்டும்போது பார்ப்பவனுக்கு மூச்சு வாங்க வைக்கலாம் என்பது கிரிஃபித்தின் வித்தை. அவர் அதை ஆபத்தில் சிக்கிய பெண்ணைக் காப்பாற்றப் பயன்படுத்தினார். அதே வித்தையில் காப்பாற்றப் போகிறவன் தடுக்கி விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார் செனட். போலீஸ்காரர்களை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கலாமே என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததாகவும், கிரிஃபித்துக்கு அதில் சிரிப்பே வரவில்லை என்றும் ஒரு கதை உண்டு. 1911 வாக்கில் பயோகிராப்பின் சிரிப்புப் படங்கள் செனட் கைக்கு வந்துவிட்டன.

பெயரும் பிறப்பும்

1912-ல் ஆடம் கெசல், சார்லஸ் பௌமன் என்ற இரண்டு முதலாளிகளோடு சேர்ந்து செனட் கீஸ்டோனைத் தொடங்கினார். இருவரும் முன்னாளில் குதிரைப் பந்தயப் பணம் பிடித்தவர்கள்; பிறகு நியூயார்க் மோஷன் பிக்சர் கம்பெனி நடத்தியவர்கள். பந்தயத்தில் தான் அவர்களுக்கு 100 டாலர் பாக்கி வைத்திருந்ததாகவும், கடனைக் கேட்க வந்தவர்களைப் பேசிப் பேசியே பங்காளிகள் ஆக்கிவிட்டதாகவும் செனட் சொல்வார். அவர் சொன்ன கதைகளை அவருடைய படங்களைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும்: சுவைக்குக் குறைவில்லை, சாட்சிக்கு யாரும் இல்லை.

பெயர் வந்த கதையும் அப்படித்தான். பென்சில்வேனியா ரயில்வே கம்பெனியின் சின்னத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். கீஸ்டோன் என்பது வளைவு கட்டும்போது உச்சியில் கடைசியாகச் செருகும் கல். இரண்டு பக்கமும் ஏறி வரும் கற்களை அதுதான் பிடித்து நிறுத்துகிறது. உருவினால் வளைவு முழுவதும் சரியும். ஆப்பு வடிவில் செதுக்கிய கல் என்பதால் ஆப்புக்கல் என்று சொல்லலாம். ஒருவருக்கொருவர் ஆப்பு வைத்துக்கொள்வதையே கதையாகக் கொண்ட கம்பெனிக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

1912 ஆகஸ்ட் கடைசியில் செனட் தன் ஆட்களோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கினார். கூட வந்தவர்கள் மேபல் நார்மண்ட், ஃபோர்ட் ஸ்டெர்லிங், ஃபிரெட் மேஸ். கௌபாய்ப் படங்கள் எடுக்க நியூயார்க் முதலாளிகள் முன்பே வைத்திருந்த ஈடன்டேல் இடம் காலியாகக் கிடந்தது, அதில் புகுந்தார்கள். செப்டம்பர் 23 அன்று முதல் வெளியீடு: ஒரே சுருளில் இரண்டு குட்டிப் படங்கள். ஒன்று, கடன் வசூலிக்கப் போகும் கோஹனின் கதை. மற்றொன்று, நீச்சலுடையில் மேபல் வரும் ‘தி வாட்டர் நிம்ஃப்’. மியூச்சுவல் என்ற விநியோகக் கம்பெனி வழியாக வாரம் ஒரு சுருள் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டே ஆண்டில் அது வாரத்துக்கு மூன்று படம் வரைக்கும் ஏறியது.

வேலை நடந்த விதம்

ஒரு சுருள் என்பது 1000 அடி பிலிம். ஓட்டும் வேகத்தைப் பொறுத்துப் பத்து முதல் பதினைந்து நிமிடம். தளம் என்றால் தொடக்கத்தில் வெறும் மரப்பலகை மேடை. கூரை கிடையாது. சூரியன்தான் விளக்கு. மேலே கம்பி கட்டி வெள்ளை மல் துணியை இழுத்துவிடுவார்கள். வெயில் அதில் வடிந்து நிழல் விழாமல் பரவும். வீட்டுக்கூடம், ஓட்டல், காவல் நிலையம் என்று எந்த அறையானாலும் மூன்று தட்டிச் சுவரும் அந்த மேடையும்தான்.

எழுதி வைத்த வசனம் கிடையாது. கதையை வாயால் சொல்லுவார்கள். யாருக்காவது ஒரு வேடிக்கை தோன்றினால் அங்கேயே செய்து பார்ப்பார்கள். நகரத்தில் எங்காவது ஊர்வலம், பந்தயம், தீ விபத்து என்று காதில் விழுந்தால் போதும். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தக் கூட்டத்துக்கு நடுவே தங்கள் ஆளை இறக்கிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் துணை நடிகர்கள் காலணாச் செலவில்லாமல் கிடைத்தார்கள். கதை எங்கே முடிவது என்று தெரியாவிட்டால் எக்கோ பார்க் ஏரி பக்கத்திலேயே இருந்தது. எல்லோரையும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் படம் முடிந்தது.

வேகத்தின் ரகசியம் கேமராக்காரர் கையில் இருந்தது. அக்காலக் கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுப் படச்சட்டம். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் பதினாறு. துரத்தல் காட்சி வந்தால் கேமராக்காரர் கையைத் தளர்த்தி மெதுவாகச் சுற்றுவார். நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு சட்டம்தான் பதிவாகும். கொட்டகையில் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது நடந்தவன் ஓடுவான், ஓடினவன் பறப்பான். சாலையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி வைத்தால் கார் தட்டாமாலை சுற்றும். மெதுவாகச் சுற்றி எடுத்த படத்தில் அந்தக் கார் பம்பரமாகிவிடும்.

செனட்டின் அலுவலகம் வளாகத்துக்கு நடுவே ஒரு கோபுரத்தின் உச்சியில் இருந்தது. அங்கே பெரிய குளியல் தொட்டி வைத்து, அதில் கிடந்தபடியே வேலைக்கு ஆட்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சன்னல் வழியே கவனிப்பார். எடுத்த படத்தைப் போட்டுப் பார்க்கும் அறையில் அவர் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி எப்படி ஆடுகிறது, எப்போது நிற்கிறது என்பதை இருட்டில் கவனித்தே இயக்குநர்கள் தங்கள் படத்தின் தலைவிதியைக் கணித்துக்கொள்வார்கள்.

தொப்பி பறக்கும் போலீஸ்

கீஸ்டோன் போலீஸ் படை 1912 கடைசியில் தலைகாட்டியது. பேர் வாங்கித் தந்தது 1913 ஏப்ரலில் வந்த ‘பாங்வில் போலீஸ்’. பண்ணை வீட்டுப் பெண் மேபல், மாட்டுத் தொழுவத்தில் திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்து போலீசுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். படை கிளம்புகிறது. ஓட்டைக் கார் வழியிலேயே புகைந்து வெடிக்கிறது. ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தால், தொழுவத்துக்குள் இருப்பது அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டி.

பிறகு பொத்தான் வைத்த நீளச் சட்டையும் குவளை கவிழ்த்த மாதிரித் தொப்பியும் சீருடையாயின. ஃபோர்ட் ஸ்டெர்லிங் ஆட்டுத்தாடியோடு அதிகாரியாக வந்து, தொலைபேசியை எடுத்த கையோடு மேசைக்கு மேலே இரண்டடி எம்பிக் குதிப்பார். படைக்கு நிரந்தர ஆட்கள் என்று யாரும் இல்லை. அன்று யாருக்கு வேறு வேடம் இல்லையோ அவர்கள் போலீஸ். பருமனான சிரிப்பு நடிகர் ஆர்பக்கிள், அல் செயின்ட் ஜான், எட்கர் கென்னடி, ஹாங்க் மான், ஸ்லிம் சம்மர்வில் எல்லோரும் அந்தத் தொப்பியை மாட்டியிருக்கிறார்கள். தட்டில் ஐந்து சென்ட் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் வந்த ஆலைத் தொழிலாளிக்கும், புதிதாகக் கப்பலில் வந்திறங்கி ஆங்கிலம் தெரியாமல் தவித்தவனுக்கும், தெருவில் தன்னை அதட்டிய சீருடை இங்கே சேற்றில் புரளுவதைப் பார்க்கத் தனிச் சந்தோஷம் இருந்திருக்கும். அதற்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

மேபல்

கீஸ்டோன் வரலாற்றைப் போலீசையும் சாப்ளினையும் வைத்துச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் கம்பெனியின் முதல் மூன்று ஆண்டுகளைத் தோளில் சுமந்தது மேபல் நார்மண்ட். ஸ்டேட்டன் தீவில் பிறந்தவர். ஓவியர்களுக்கு மாடலாக நின்று, பயோகிராப்பில் நடித்து, செனட்டோடு மேற்கே வந்தவர். குட்டை உருவம், பெரிய கண்கள். குதிரை ஏறுவார், காரை விரட்டுவார், உயரத்திலிருந்து தண்ணீரில் பாய்வார். அவர் பெயரையே தலைப்பில் வைத்துப் படங்கள் வந்தன; அவற்றில் பலவற்றை 1914-ல் அவரே இயக்கினார். பெண்கள் இயக்குவது அபூர்வமாக இருந்த தொழிலில், இருபதைத் தாண்டிய வயதில், தன்னைவிட இரண்டு மடங்கு பருமனான ஆண்களை ‘இப்போது விழு, அப்புறம் எழு’ என்று அவர் வேலை வாங்கினார்.

முகத்தில் ‘பை’ எறியும் வித்தையும் அவர் பெயரோடு ஒட்டியது. நம் ஊர் ஜோல்னாப் பை இல்லை. கஸ்டர்டோ பழக்கூழோ நிரப்பிச் சுட்ட வட்டப் பண்டம். 1913 ஜூலையில் வந்த ‘எ நாய்ஸ் ஃப்ரம் த டீப்’ படத்தில் மேபல் அதை எடுத்து ஆர்பக்கிள் முகத்தில் வீசினார். சினிமாவின் முதல் பை வீச்சு அதுதான் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். உண்மையில் 1909-லேயே எஸ்ஸனே கம்பெனியின் ‘மிஸ்டர் ஃபிளிப்’ படத்தில் பென் டர்பின் முகத்தில் ஒன்று அப்பியாகிவிட்டது. கீஸ்டோன் செய்தது அதைத் தொழிலாக்கியதுதான். அக்கால பிலிம் சிவப்பை உணராது. சிவப்பு எல்லாம் கறுப்பாகப் பதியும். கறுப்புப் பழக்கூழை வெளிறிய முகத்தில் அறைந்தால்தான் பின் வரிசைக்காரனுக்கும் தெரியும். ஆர்பக்கிளுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல் பழகும்; ஒரே நேரத்தில் இரண்டு திசைக்கு இரண்டு பை எறிவார் என்பார்கள். அத்தனை பருமனோடு அவர் விழுந்தால் பஞ்சுமூட்டை விழுந்த மாதிரி இருக்கும், ஆடினால் தக்கை மிதக்கிற மாதிரி இருக்கும்.

சட்டத்துக்குள் வந்து நின்றவன்

1913-ல் ஃபோர்ட் ஸ்டெர்லிங் கூடுதல் சம்பளம் தேடிப் போகப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியது. அவர் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்த ஃபிரெட் கார்னோவின் ஆங்கில நாடகக் குழுவுக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு தந்தி போனது. உங்கள் குழுவில் சாஃபினோ என்னவோ ஒரு பெயரில் ஒருவர் உண்டா என்று கேட்டிருந்தார்கள். சாப்ளின் தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். இறந்துபோன உறவுக்காரி யாரோ சொத்து எழுதி வைத்திருக்கிறார் போல என்று நினைத்தாராம். கிடைத்தது வாரம் 150 டாலர் சம்பளம்.

டிசம்பரில் அவர் ஈடன்டேல் வந்து சேர்ந்தபோது வயது இருபத்துநான்கு. முதல் படம் ‘மேக்கிங் எ லிவிங்’ 1914 பிப்ரவரி 2-ல் வெளியானது. அதில் தொங்கு மீசையும் பட்டுத்தொப்பியுமாக ஓர் ஏமாற்றுக்காரன். உலகம் அறிந்த வேடத்தை முதலில் போட்டது மேபல் இயக்கிய ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரடிகமெண்ட்’ படப்பிடிப்பில். தொளதொள கால்சட்டை, இறுக்கமான கோட்டு, பெரிய செருப்பு, சின்னத் தொப்பி, கைத்தடி, துணுக்கு மீசை. ஆனால் அது வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பே, பிப்ரவரி 7-ல், வேறொரு குட்டிப் படம் திரைக்கு வந்துவிட்டது. ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்.’ ஆலிவ் எண்ணெய் தயாரிப்பைப் பற்றிய கல்விப் படத்தோடு ஒரே சுருளில் சேர்த்து அனுப்பப்பட்ட அரைச் சுருள் படம் அது.

கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரை ஊரில் சிறுவர்கள் விளையாட்டுக் கார் பந்தயம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். சாய்தளத்திலிருந்து வண்டிகள் உருண்டு வருகின்றன. சாலையோரம் தொப்பிக்காரக் கூட்டம். ஒரு கேமராவை வைத்து இயக்குநர் ஒருவர் பந்தயத்தைப் படமெடுக்கிறார். கூட்டத்திலிருந்து ஓர் ஆள் நழுவி வந்து கேமராவுக்கு நேரே நிற்கிறான். இயக்குநர் தள்ளிவிடுகிறார். போகிறவன் மாதிரிப் போய், ஏதோ மறந்தவன் மாதிரித் திரும்பி, மறுபடி நடுவில் வந்து நிற்கிறான். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வருகிறான். கீழே உருட்டிவிட்டால் எழுந்து, தூசு தட்டி, பக்கவாட்டில் எந்தப் பக்கம் நின்றால் அழகு என்று யோசிக்கிறான். இதற்குமேல் கதை கிடையாது.

கூட்டத்தைக் கவனியுங்கள். அது நிஜக் கூட்டம். முதலில் யாரோ கிறுக்கன் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். சில முகங்களில் எரிச்சல். பிறகு ஒரு பையன் சிரிக்கிறான். கொஞ்ச நேரத்தில் பந்தயத்தை விட்டுவிட்டு இவனைப் பார்ப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். அடுத்த அறுபது ஆண்டு உலகம் பார்த்துச் சிரித்த ஒருவனை முதன்முதலில் பார்த்த பொதுமக்கள் அவர்கள். பக்கத்தில் நின்றவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைக் கேமரா பிடித்து வைத்திருக்கிறது.

சாப்ளினுக்கும் கீஸ்டோன் வேகத்துக்கும் ஒத்துவரவில்லை. ஒரு வேடிக்கையை நின்று நிதானமாகச் செய்ய வேண்டும் என்பார் இவர். அடுத்த ஓட்டத்துக்குப் போ என்பார்கள் அவர்கள். ‘மேபல் அட் த வீல்’ படத்தில் இயக்குநர் மேபலோடு மோதல் முற்றி, சாப்ளினை வேலையைவிட்டு அனுப்பும் நிலைக்குச் செனட் வந்துவிட்டாராம். அந்த நேரம் பார்த்து நியூயார்க்கிலிருந்து, சாப்ளின் படம் இன்னும் வேண்டும், சீக்கிரம் அனுப்பு என்று தகவல் வந்தது. மறுநாள் செனட் குரலில் தேன் வடிந்தது. நானே இயக்குகிறேன், படம் தேறாவிட்டால் என் சேமிப்பு 1500 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சாப்ளின். ஆண்டு முடிவதற்குள் 36 படம் முடிந்தன. அவற்றில் ஒன்று, மேடைப் புகழ் மேரி டிரஸ்லரை நாயகியாக்கிச் செனட்டே இயக்கிய ஆறு சுருள் ‘டில்லீஸ் பங்க்சர்ட் ரொமான்ஸ்’. முழுநீளச் சிரிப்புப் படம் ஓடுமா என்று யாருக்கும் நிச்சயமில்லாத காலத்தில் ஓடிக்காட்டியது.

போனவர்கள் பட்டியல்

ஒப்பந்தம் முடிந்தபோது சாப்ளின் வாரம் 1000 டாலர் கேட்டார். எனக்கே அவ்வளவு வருவதில்லையே என்றார் செனட். சிகாகோவைச் சேர்ந்த எஸ்ஸனே கம்பெனி 1250 டாலரும் கையெழுத்துக்கு 10,000 டாலரும் கொடுத்தது. போய்விட்டார். 1916-ல் மியூச்சுவல் கம்பெனியிடம் அவர் வாங்கிய வாரச் சம்பளம் 10,000.

கீஸ்டோன் வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் இதே காட்சிதான். ஸ்டெர்லிங் போனார், பிறகு திரும்பி வந்தார். ஆர்பக்கிள் 1917-ல் தனிக் கம்பெனிக்குப் போனார். அங்கே ‘த புட்சர் பாய்’ படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த பஸ்டர் கீட்டன் முதன்முதலாகக் கேமரா முன் நின்றார். ஹெரால்ட் லாய்ட் 1915-ல் கொஞ்ச காலம் இருந்துவிட்டு தயாரிப்பாளர் ஹால் ரோச்சிடம் திரும்பினார். சார்லி சேஸ் இங்கே பழகிவிட்டு ரோச்சிடம்தான் பெயர் வாங்கினார். குளோரியா ஸ்வான்சன் இங்கே ஓடிப் பழகிவிட்டு செசில் டிமில்லின் பெரிய நாயகியானார். பிற்காலச் செனட் கம்பெனியில் சிரிப்புத் துணுக்கு எழுதிய ஃபிராங்க் காப்ரா மூன்று ஆஸ்கர் வாங்கிய இயக்குநரானார். குழந்தை முகத்தோடு வந்த ஹாரி லாங்டனும் புகழ் வந்ததும் வெளியேறினார்.

செனட்டைக் கஞ்சன் என்று எழுதியவர்கள் உண்டு. அவர் நடத்திய கம்பெனியின் கணக்கே அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்துக்கு மூன்று படம் தர வேண்டிய பட்டறையில் ஒருவனுக்காகக் காத்திருக்க முடியாது. யார் வந்தாலும் தொப்பி பொருந்த வேண்டும், யார் போனாலும் துரத்தல் நிற்கக்கூடாது. அதனால்தான் அத்தனை புதியவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அதனால்தான் தேறியவர் எவரையும் அது வைத்துக்கொள்ள முடியவில்லை. வளைவில் எந்தக் கல்லை உருவினாலும் நிற்கும்படி கட்டியவர் செனட். ஆப்புக்கல் என்று பெயர் வைத்ததுதான் முரண்.

பெயர் போனது

1915-ல் ஹாரி எய்ட்கன் என்ற விநியோகஸ்தர் கிரிஃபித், தாமஸ் இன்ஸ், செனட் மூவரையும் சேர்த்து டிரையாங்கிள் கம்பெனியை அமைத்தார். நியூயார்க் நிக்கர்பாக்கர் அரங்கில் தொடக்க விழா நடந்தது செப்டம்பர் 23 அன்று. கீஸ்டோன் முதல் படம் வந்து சரியாக மூன்று ஆண்டு. உயர்ந்த டிக்கெட் விலை 2 டாலர். ஐந்து சென்ட் கொட்டகையில் பிறந்த சிரிப்புக்கு நாற்பது மடங்கு விலை வைத்தார்கள். அந்தச் செலவைத் தாங்கும் கூட்டம் வரவில்லை. 1917-ல் செனட் விலகினார். விலகும்போது கீஸ்டோன் என்ற பெயரை டிரையாங்கிளிடம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. போனவர்கள் பட்டியலில் கடைசியாக முதலாளியும் சேர்ந்தார்.

அதே ஈடன்டேல் இடத்தில், தன் சொந்தப் பெயரில் அவர் இன்னும் பத்தாண்டு தொழில் நடத்தினார். மாறுகண் பென் டர்பின், நீச்சலுடை அழகிகள், நடிக்கத் தெரிந்த டெடி என்ற பெரிய நாய் எல்லாம் சேர்ந்து கூட்டத்தை இழுத்தன. 1921-ல் ஆர்பக்கிள் மீது வந்த வழக்கு மூன்று விசாரணைக்குப் பிறகு விடுதலையில் முடிந்தாலும் அவருடைய தொழிலை முடித்துவிட்டது. மேபலின் பெயரும் மற்றவர்களின் வழக்குச் செய்திகளில் அடிபட்டு நைந்தது. 1930-ல் காசநோயில் இறந்தார்.

1928-ல் செனட் வேறு இடத்தில் புதிய ஸ்டூடியோ கட்டிக்கொண்டு போனார். அதே சமயம் பேசும்படம் வந்தது. ஒலிக்கு நொடிக்கு 24 சட்டம் என்ற மாறாத வேகம் வேண்டும். கேமராக்காரர் கையிலிருந்து பிடி பறிக்கப்பட்டது, மோட்டார் சுற்றியது. இனி யாரையும் பறக்கவைக்க முடியாது. 1930-களின் தொடக்கத்தில் பிங் கிராஸ்பியின் பாட்டையும் டபிள்யூ.சி.ஃபீல்ட்ஸின் வாயையும் வைத்து நல்ல குறும்படங்கள் எடுத்தும் 1933-ல் கம்பெனி திவாலானது. 1938-ல் செனட்டுக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். 1960-ல் இறந்தார்.

மிச்சம்

இந்தப் படங்களில் எல்லாமே சிரிக்கத் தக்கவை என்று விழா மலருக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. யூதர்களையும் கறுப்பினத்தவரையும் கேலி செய்யும் காட்சிகள் இன்று பார்க்கும்போது முகம் சுளிக்க வைக்கின்றன. முதல் வெளியீட்டிலேயே வந்த கோஹன் அந்த வகைதான். அந்தக் காலத்துக் கொட்டகை எதற்குச் சிரித்தது என்பதற்கு அதுவும் சாட்சி.

பிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. எரிந்தது பாதி, தானாகப் பொடிந்தது பாதி. சாப்ளினின் கீஸ்டோன் படங்களில் ‘ஹெர் ஃபிரெண்ட் த பாண்டிட்’ ஒன்று மட்டும் இன்னும் அகப்படவில்லை. ‘எ தீஃப் காட்சர்’ என்ற படத்தில் அவர் போலீஸ்காரனாகத் தலைகாட்டியது உலகத்துக்கு மறந்தே போயிருந்தது. 2010-ல்தான், மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் கிடைத்த ஒரு பிலிம் டப்பாவிலிருந்து அது தெரியவந்தது. பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்டும் இத்தாலியின் பொலோனியா சினிமா காப்பகமும் பாரிசின் லாப்ஸ்டர் பிலிம்ஸும் பல நாட்டுப் பிரதிகளைச் சேர்த்து, சட்டம் சட்டமாக ஒப்பிட்டு, மற்றப் படங்களைச் செப்பனிட்டன.

நாம் சிறுவயதில் பார்த்த பிரதிகள் நொடிக்கு 24 சட்டத்தில் ஓட்டப்பட்டவை. கேமராக்காரர் வேண்டுமென்றே கூட்டிய வேகத்துக்கு மேல் இன்னொரு வேகம் ஏறி, எல்லோரும் குளிரில் நடுங்குகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். செப்பனிட்ட பிரதியைச் சரியான வேகத்தில் பார்க்கும்போது மேபல் ஒரு பார்வையை எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், ஆர்பக்கிள் தொப்பியை எப்படிச் சுண்டிப் போடுகிறார் என்பது முதன்முறையாகக் கண்ணில் படும்.

இன்னொன்றும் படும். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில், அடிதடிக்கு நடுவே, பின்னால் இருக்கும் மேசை விரிப்பைப் பாருங்கள். சன்னல் மூடியிருக்கும், கதவு மூடியிருக்கும். விரிப்பின் ஓரம் மட்டும் படபடக்கும். கூரை இல்லாத மேடை அது. ஈடன்டேலில் அன்று காற்றடித்திருக்கிறது.